ஆளுமை: உளநூலார் கண்ட மனிதன்

ஆண்டின் இறுதியில் தேர்ச்சி அறிக்கை எழுதும் வேளையில் ஆசிரியர் ஒவ்வொருவரும் சிறிது நேரம் உளநூல் அறிஞராகி விடுகிறார். மதிப்பெண்களை நிரப்பிய பின் எஞ்சியிருக்கும் சிறு கட்டத்தில், ‘அடக்கமானவன்’, ‘பொறுப்பற்றவன்’, ‘கூச்சம் மிகுந்தவள்’, ‘முரடன்’ என்று ஒரு சொல் விழுகிறது. அதை எழுத அரை நிமிடம் போதும். ஆயின், அச்சொல் அடுத்த வகுப்பாசிரியரின் கண்ணில் படுகிறது; பெற்றோர் வாயில் புழங்குகிறது; சில வேளைகளில் அப்பிள்ளையே அதனைத் தன் பெயரைப் போல ஏற்றுக்கொண்டு விடுகிறது.

அச்சொல் எதனைக் குறிக்கிறது? பிள்ளையின் உள்ளே நிலையாக உறையும் ஒன்றையா? அன்றி, அந்த வகுப்பறையில், அந்த ஆண்டில், அந்த ஆசிரியரின் முன்னிலையில் அப்பிள்ளை நடந்து கொண்ட முறையை மட்டுமா? மனித ஆளுமை பற்றி நூறாண்டுகளுக்கு மேலாக உளநூலார் நடத்தி வரும் வாதங்களை நுணுகி நோக்கின், அவற்றுட் பல இக்கேள்வியைச் சுற்றியே அமைந்திருத்தல் காணலாம்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நம் நாட்டு வழக்கில் ‘ஆளுமை மிக்கவர்’ என்றால் பிறரைத் தம் சொல்லுக்கு இணங்க வைப்பவர் என்றே பெரும்பாலோர் பொருள் கொள்வர். ‘ஆள்’ என்னும் வேர் அப்பொருளைத் தூண்டுகிறது. உளநூலில் அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை. மேடையில் முழங்கும் தலைவருக்கும் ஆளுமை உண்டு. கடையின் மூலையில் வாய் திறவாது கணக்கெழுதும் முதியவருக்கும் ஆளுமை உண்டு. ஒருவரை மற்றொருவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவதாய், காலத்தால் எளிதில் மாறாததாய் அமைந்த எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றின் போக்கே ஆளுமை எனப்படும். ஆங்கிலச் சொல்லின் பிறப்போ இன்னும் சுவையானது. அது ‘பெர்சோனா’ என்னும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. நாடக நடிகர் முகத்தில் அணிந்த முகமூடிக்கு அது பெயர். ஆராய வேண்டியது முகமூடியையா, அதன் பின் உள்ள முகத்தையா என்னும் ஐயம் சொல்லிலேயே பொதிந்து கிடக்கிறது.

மனிதரை வகைப்படுத்தும் ஆசை மிகப் பழையது. குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என உடலில் நால்வகை நீர்கள் உண்டென்று கிரேக்க மருத்துவர் நம்பினர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டினரான காலன் என்னும் மருத்துவர் அவற்றை மனவியல்போடு பிணைத்தார். குருதி மிக்கவன் களிப்புடையவன். சளி மிக்கவன் மந்தமானவன். மஞ்சள் பித்தம் சினத்தைத் தரும். கரும்பித்தம் துயரத்தைத் தரும். வாதம், பித்தம், கபம் எனும் மூன்றைக் கொண்டு உடலின் வாகையும் மனத்தின் போக்கையும் ஒருங்கே கணித்த நம் சித்த மருத்துவருக்கு இவ்வெண்ணம் புதிதாகத் தோன்றாது. நால்வகை நீர்க் கொள்கை மருத்துவத்தில் என்றோ மடிந்தது. எனினும், மனிதரை நாலைந்து பெட்டிகளில் அடைத்துவிடலாம் என்னும் நம்பிக்கை மடியவில்லை.

வியன்னா நகரத்துச் சாய்வுப் படுக்கை

ஆளுமைக்கு முழுமையான கொள்கை ஒன்றை முதன்முதல் வகுத்தவர் சிக்மண்டு பிராய்டு (1856–1939) என்பர். வியன்னா நகரில் பெர்க்காசே என்னும் தெருவில், 19-ஆம் எண்ணுள்ள வீட்டில், 1891 முதல் 1938 வரை அவர் வாழ்ந்தார். நோயாளியைச் சாய்வுப் படுக்கையில் கிடத்தி, மனத்தில் தோன்றுவதைத் தோன்றியவாறே கூறச் செய்து, தாம் தலைமாட்டில் அமர்ந்து கேட்டு வந்தார். கனவு, நாத்தவறு, மறதி ஆகியன தற்செயலானவை அல்ல என்றும், மனிதன் தானே அறியாத விருப்பங்கள் அவற்றின் வழியே தலை நீட்டுகின்றன என்றும் அவர் முடிவு செய்தார். நனவிலி மனம் என்று நாம் வழங்குவது இதுவே.

1923-இல் அவர் மனத்தை மூன்றாகப் பகுத்தார். ஆங்கில நூல்களில் இம்மூன்றுக்கும் லத்தீன் பெயர்கள் வழங்குவதால், இவை ஏதோ உடலுறுப்புகள் போலும் என்று மயங்குவோர் பலர். பிராய்டு எழுதிய ஜெர்மானிய மொழியிலோ அவை குழந்தையும் அறிந்த சொற்கள்: ‘அது’, ‘நான்’, ‘மேல் நான்’. மொழிபெயர்ப்பாளர்தாம் அவற்றுக்கு லத்தீன் உடை உடுத்தினர். தமிழில் நேராகவே சொல்லிவிடலாம். ‘எனக்கு வேண்டாம் என்றாலும் அது என்னை இழுத்துக்கொண்டு போயிற்று’ என்று ஒருவன் கூறும்போது, அவ்வாக்கியத்திலேயே பிராய்டின் கொள்கையில் பாதி அடங்கி விடுகிறது. உடனடி இன்பம் நாடுவது ‘அது’. பெற்றோரும் சமூகமும் விதித்த கட்டளைகள் உள்ளே புகுந்து குடிகொண்டது ‘மேல் நான்’. இவ்விரண்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே அகப்பட்டுச் சமாதானம் பேசுவது ‘நான்’.

இச்சமாதானப் பேச்சில் ‘நான்’ கையாளும் தந்திரங்களைத் தொகுத்து விளக்கியவர் பிராய்டின் மகள் ஆன்னா பிராய்டு. அவர் தொடக்கத்தில் வியன்னாவில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். அவர் 1936-இல் வெளியிட்ட நூலைப் படிக்கும் ஆசிரியர், தம் வகுப்பிற் கண்ட பல காட்சிகளை அதில் அடையாளம் கண்டு கொள்வர். வீட்டில் அடிபட்ட சிறுவன் பள்ளியில் தன்னிற் சிறியவனை அடிப்பதும், தேர்வில் தவறிய மாணவி வினாத்தாளே சரியில்லை என்று முழு மனத்தோடு நம்புவதும் பொய் நடிப்பு அல்ல. வேதனையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மனம் எழுப்பும் வேலிகள்.

பிராய்டின் முடிவுகள் பல இன்று நிலைக்கவில்லை. குழந்தையின் பாலுணர்ச்சிப் படிநிலைகள் பற்றி அவர் கூறியவற்றைச் சோதித்தோர் போதிய சான்று காணவில்லை. இன்னுமொரு குறையும் உண்டு. நோயாளி ஒப்புக்கொண்டால் மருத்துவர் சொன்னது உண்மை. மறுத்தால், அம்மறுப்பும் நனவிலி மனத்தின் எதிர்ப்பே, ஆகவே அதுவும் உண்மை. எப்படிப் பார்த்தாலும் தோற்காத கொள்கையை அறிவியலார் ஐயத்தோடு நோக்குவது இயல்பே. ஆயினும், மனத்தின் வேலையில் பெரும்பகுதி நம் அறிவுக்கு எட்டாமல் நடைபெறுகிறது என்ற அவருடைய அடிப்படைக் கருத்தை, வேறு சான்றுகளின் வழியே இன்றைய ஆய்வாளரும் ஏற்கின்றனர்.

பிராய்டோடு முதலில் இணைந்திருந்து பின் பிரிந்தவர் இருவர். அவருள் ஆல்பிரடு அட்லர் 1911-இல் பிரிந்தார். மனிதனை உந்துவது பாலுணர்ச்சி அன்று, தாழ்வுணர்ச்சியே என்றார் அவர். சிறியவனாய், வலுவற்றவனாய்ப் பிறக்கும் குழந்தை அக்குறையை ஈடு செய்ய முயல்கிறது. அம்முயற்சி செல்லும் வழியே அதன் ஆளுமை ஆகிறது. இக்கொள்கை அவருடைய சொந்த வாழ்விலிருந்து முளைத்தது என்பதில் ஐயமில்லை. இளமையில் எலும்பு நோயால் வாடிய அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திச் செருப்புத் தைக்கும் தொழிலில் சேர்த்துவிடும்படி ஓர் ஆசிரியர் தந்தைக்கு யோசனை கூறினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். தந்தை அதனைப் பொருட்படுத்தவில்லை. அச்சிறுவனே பின்னாளில், 1920-களில், வியன்னா நகரின் பள்ளிகளோடு இணைந்த குழந்தை நல வழிகாட்டு நிலையங்களை ஏற்படுத்தினான். மூத்த பிள்ளை, இடைப்பிள்ளை, கடைக்குட்டி என்னும் பிறப்பு வரிசை ஆளுமையை உருவாக்குகிறது என்றும் அட்லர் கூறினார். குடும்பந்தோறும் விரும்பிப் பேசப்படும் கருத்து இது. ஆனால், அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 20,000-க்கு மேற்பட்டோரிடமிருந்து திரட்டிய தகவல்களை ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த ஆய்வு, பிறப்பு வரிசைக்கும் ஆளுமைப் பண்புகளுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்று காட்டியது.

மற்றொருவர் சுவிட்சர்லாந்து நாட்டவரான கார்ல் யுங். அகநோக்கர், புறநோக்கர் என்று அவர் 1921-இல் வகுத்த பிரிவு இன்று உலக வழக்காகி விட்டது. அமெரிக்கத் தாயும் மகளுமான கேத்தரின் பிரிக்சு, இசபெல் மையர்சு ஆகியோர் அதனை விரித்து, மனிதரைப் 16 வகையாக்கும் வினாத்தாள் ஒன்றை அமைத்தனர். நிறுவனங்கள் பல அதனைப் பயன்படுத்துகின்றன. சில வாரங்கள் கழித்து அதே வினாத்தாளை மீண்டும் நிரப்புவோருள் கணிசமானோர் வேறு வகைக்கு மாறி விழுகின்றனர் என்பதை அதனை விற்போர் உரக்கச் சொல்வதில்லை.

அகராதியில் தேடிய ஆளுமை

1920-இல் 22 வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் பிராய்டைக் காணச் சென்றார். பெயர் கார்டன் ஆல்போர்ட்டு. இசுதான்புல் நகரில் ஆசிரியராக இருந்துவிட்டு நாடு திரும்பும் வழியில் துணிந்து கடிதம் எழுதி அனுமதி பெற்றிருந்தார். அறையில் நுழைந்ததும் பிராய்டு ஒன்றும் பேசாமல் அமர்ந்திருக்கவே, இளைஞர் சங்கடத்தைப் போக்க, வரும் வழியில் டிராம் வண்டியிற் கண்ட காட்சியைக் கூறினார். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அழுக்கைக் கண்டு அஞ்சி, இங்கே உட்கார மாட்டேன், அந்த ஆள் என் பக்கத்தில் வரக்கூடாது என்று தாயிடம் ஓயாது முறையிட்டானாம். தாயோ கஞ்சி போட்ட உடையில் மிக மிடுக்காக இருந்தாராம். கேட்டு முடித்த பிராய்டு, அந்தச் சிறுவன் தாங்கள்தாமோ என்று கனிவோடு வினவினார்.

ஆல்போர்ட்டு திகைத்துப் போனார். பேச்சைத் தொடங்க எண்ணிச் சொன்ன ஒரு செய்திக்கு இவ்வளவு ஆழத்தில் பொருள் தேட வேண்டுமா என்று அவர் எண்ணினார். ஆழ்மனத்தில் இறங்குமுன் மேலே வெளிப்படையாகத் தெரிவதைப் பார்த்தால் என்ன என்னும் கேள்வி அவர் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. பிராய்டின் கேள்வி முற்றிலும் குறி தவறியதன்று என்று பின்னர் வாதிட்டோரும் உண்டு. அது நிற்க.

மேலே தெரிவதைத் தேடிய ஆல்போர்ட்டு, ஆடுபெர்ட்டு என்பவரோடு சேர்ந்து, ஆங்கிலப் பேரகராதி ஒன்றை எடுத்து, மனிதரின் இயல்பைக் குறிக்கும் சொற்களையெல்லாம் பொறுக்கினார். 1936-இல் வெளியிட்ட அப்பட்டியலில் 17,953 சொற்கள் இருந்தன. அவற்றுள் நிலைத்த பண்பைக் குறிப்பன ஏறத்தாழ 4,500. மனித வாழ்வுக்கு இன்றியமையாத வேறுபாடு எதுவோ, அதற்கு மக்கள் ஒரு சொல்லைப் படைத்தே இருப்பர் என்பது இம்முறையின் அடிப்படை. மொழியாசிரியர்க்கு இதைவிட உவப்பான கொள்கை உளநூலில் வேறில்லை.

இச்சொற்குவியலைக் கணித முறையால் சுருக்கும் பணியைப் பின்வந்தோர் மேற்கொண்டனர். ரேமண்டு கேட்டல் 16 கூறுகளாக்கினார். லண்டன் நகரில் பணியாற்றிய ஐசென்கு, புறநோக்கு, மனக்கலக்கம் ஆகிய இரண்டே அச்சுகளைக் கொண்டு தொடங்கினார். அவ்விரண்டும் குறுக்கிடுமிடத்தில் தோன்றும் நான்கு மூலைகளும் காலனின் நால்வகையோடு பொருந்துவதை அவரே எடுத்துக்காட்டி மகிழ்ந்தார். 1961-இல் அமெரிக்க விமானப் படையினரை ஆராய்ந்த இருவர் ஐந்து கூறுகளைக் கண்டனர். அவ்வைந்தே பின்னர் பலரால் உறுதி செய்யப்பெற்று, இன்று ஆளுமை ஆய்வில் பெருவழக்காக உள்ளன: புதுமை நாட்டம், கடமையுணர்வு, புறநோக்கு, இணக்கம், மனக்கலக்கம்.

இவை பெட்டிகள் அல்ல, அளவுகோல்கள் என்பதை மறத்தலாகாது. உயரத்தைப் போல ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு உண்டு. பெரும்பாலோர் நடுவில் நிற்பர். இரட்டையரை ஆராய்ந்தோர், மக்களிடையே காணப்படும் இவ்வேறுபாடுகளில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை மரபு வழியால் விளக்கப்படலாம் என்பர். இதனை ‘என் குணத்தில் பாதி தந்தையிடமிருந்து வந்தது’ என்று ஒருவர் பொருள் கொள்வாராயின் அது பிழை. ஒரு கூட்டத்தாரிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கேயன்றித் தனி மனிதனைக் கூறு போட்ட கணக்கன்று அது.

அகராதி வழியில் ஓர் இடர் உண்டு. எந்த அகராதி? பொலிவியா நாட்டில் வேட்டையாடியும் சிறு பயிர் செய்தும் வாழும் சிமானே மக்களிடையே நடத்திய ஆய்வில் ஐங்கூறுகள் தெளிவாகத் தோன்றவில்லை என்று 2013-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்ச் சொற்களை எண்ணிப் பார்த்தாலே இவ்விடர் விளங்கும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. பேச்சு வழக்கில் நாம் ஒருவரை ‘அழுத்தக்காரர்’ என்கிறோம். உள்ளதை வெளியே காட்டாதவர் என்பது அதன் பொருளில் ஒரு பகுதி. பிடிவாதமும் அதில் உண்டு. அசையாத பொறுமையும் உண்டு. சிறிது கண்டனமும் சிறிது வியப்பும் உண்டு. ஐந்து அளவுகோல்களில் இவரை எதில் நிறுத்துவது? ‘முசுடு’ என்பவரை இணக்கக் குறைவு என்று ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துவிட்டால் முசுட்டுத்தனம் முழுதும் வந்துவிடுமா? பண்புகள் உலகப் பொதுவாயினும், அவற்றை மொழி முடிச்சிடும் இடங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடலாம்.

உள்ளே ஒன்றும் இல்லை என்றவர்

முகத்தையும் வேண்டாம், முகமூடியையும் வேண்டாம் என்று ஒதுக்கியோர் நடத்தைக் கொள்கையர். தம்மிடம் ஒரு டசன் நலமான குழந்தைகளைக் கொடுத்தால், விரும்பியவாறு மருத்துவராகவோ திருடனாகவோ ஆக்கிக் காட்டலாம் என்று ஜான் வாட்சன் 1920-களில் அறைகூவினார். அப்படிச் சொல்லும்போதே, சான்றுகளை மீறிப் பேசுவதாகவும் ஒப்புக்கொண்டார். மேற்கோள் காட்டுவோர் அந்த ஒப்புதலை விட்டுவிடுவது வழக்கம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஸ்கின்னர் இன்னும் நுட்பமானவர். எச்செயலுக்குப் பின் நற்பயன் கிட்டுகிறதோ அச்செயல் வேரூன்றும். அப்படி வேரூன்றிய பழக்கங்களின் தொகுதிக்கே நாம் ஆளுமை என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பது அவர் துணிபு. வகுப்பில் கத்தினால்தான் ஆசிரியர் திரும்பிப் பார்க்கிறார் என்பதைக் கற்றுக்கொண்ட மாணவனுக்கு, அவரது கண்டிப்பே பரிசாகிவிடுகிறது.

பரிசும் தண்டனையும் இல்லாமலே குழந்தை கற்றுக்கொள்ளும் என்பதைக் காட்டியவர் ஆல்பர்ட்டு பண்டூரா. 1961-இல் அவரும் உடன் ஆய்வோரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழந்தைப் பள்ளியில் 72 குழந்தைகளைக் கொண்டு ஆய்வு நடத்தினர். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றை ஒரு பெரியவர் அடித்து உதைப்பதைச் சில குழந்தைகள் கண்டன. பின்னர் அப்பொம்மையோடு தனியே விடப்பட்டபோது, அவை அதே அடிகளையும் அதே சொற்களையும் திருப்பிக் காட்டின. பெரியவர் அமைதியாக விளையாடக் கண்ட குழந்தைகளோ அவ்வாறு செய்தது மிகக் குறைவு. பண்டூராவின் பிற்கால ஆராய்ச்சி, ‘என்னால் இது முடியும்’ என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் நம்பிக்கையின் வலிமை பற்றியதாக விரிந்தது.

நோயாளியையும் ஆய்வுக்கூட எலியையும் பார்த்து மனிதனை அளந்தது போதும் என்றோர் மாசுலோவும் ரோஜர்சும். அவருள் கார்ல் ரோஜர்சு நியூயார்க்கு மாநிலத்து ரோச்செசுட்டர் நகரில், துன்பத்துக்குள்ளான குழந்தைகளோடு 12 ஆண்டுகள் பழகியவர். தான் உள்ளவாறு இருக்கும் ‘நான்’, தான் இருக்க வேண்டுமென்று பிறர் விரும்பும் ‘நான்’ என்னும் இரண்டுக்கும் இடையே இடைவெளி பெருகுவதே துன்பத்தின் ஊற்று என்று அவர் கண்டார். ‘முதல் மதிப்பெண் வாங்கினால்தான் நீ என் பிள்ளை’ என்னும் வீடு அவ்விடைவெளியை அகலமாக்கும் வீடு. அளந்து காட்ட இயலாத சொற்கள் மலிந்த கொள்கை என்று இதனைக் குறை கூறுவர். அக்குறை உண்மையே.

நேர்மையைச் சோதித்த கதை

இதுகாறும் கண்ட அறிஞர் ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்திலிருந்தே மனிதனைக் கண்டனர். பிராய்டு படுக்கையருகே, ஆல்போர்ட்டு அகராதியருகே, ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்தில். பள்ளிக்கூடத்தில் நின்று பார்த்தோரும் உளர். அவர்களுடைய கதை ஆசிரியர் உலகில் போதிய அளவு பரவவில்லை.

1920-களில், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் சார்பில் ஹார்ட்சார்ன், மே என்னும் இருவர் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்தனர். ‘நீ நேர்மையானவனா?’ என்று அவர்கள் பிள்ளைகளைக் கேட்கவில்லை. நேர்மை தவற வாய்ப்பளித்தனர். தேர்வெழுதிய தாளைப் பிள்ளையிடமே கொடுத்து, விடைகளையும் தந்து திருத்தச் சொல்வர். முன்னதாக அத்தாளுக்கு இரகசியப் படி எடுத்திருப்பர். பிள்ளை விடையை மாற்றினால் ஒப்பிட்டுக் கண்டுகொள்வர். கண்ணை மூடிக்கொண்டு தாளிலுள்ள சிறு வட்டங்களுக்குள் எண்களை எழுதச் சொல்வர். பாராமல் எழுதினால் இவ்வளவுதான் முடியும் என்பது முன்பே தெரியும், அதற்கு மேல் சரியாக எழுதியவர் கண்ணைத் திறந்தவர். விளையாட்டில், வீட்டில் செய்யும் பயிற்சியில், காசு வைத்த பெட்டியில் என்று சோதனைகள் பல.

1928-இல் வெளிவந்த முடிவு கல்வியாளரைக் கலக்கியது. கணக்குத் தேர்வில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டில் ஏமாற்றவில்லை. வகுப்பில் காசைத் தொடாத பிள்ளை வீட்டுப் பயிற்சியில் பொய் எழுதியது. ஓரிடத்து நடத்தையைக் கொண்டு மற்றோரிடத்து நடத்தையை ஊகிக்க இயலவில்லை. ‘நேர்மையானவன்’, ‘ஏமாற்றுக்காரன்’ என்ற இரு சாதிகள் இல்லை என்று அவர்கள் எழுதினர். 1963-இல் பர்ட்டன் என்பவர் அக்கணக்குகளை மீண்டும் ஆராய்ந்து, சிறிதளவு பொதுவான நேர்மைப் போக்கு உண்டென்று காட்டினார். ஆயினும் அது சிறிதளவே.

இக்கருத்தை முழு வாதமாக வளர்த்தவர் வால்ட்டர் மிசெல். இவரும் வியன்னாவிற் பிறந்தவரே. 1938-இல் நாசிகள் அந்நகரைக் கைப்பற்றியபோது முதியவரான பிராய்டு லண்டனுக்கும், சிறுவனான மிசெல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கும் வெளியேறினர். நைஜீரியாவுக்கு ஆசிரியராக அனுப்பப்பட்ட அமெரிக்கத் தொண்டர்களைப் பற்றி மிசெல் 1965-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பெரும் பொருள் செலவிட்டு நிபுணர் நேர்கண்டு எழுதிய ஆளுமைக் கணிப்புகள், யார் நல்லாசிரியராவார் என்பதைச் சொல்லத் தவறின. தொண்டர்கள் தம்மைப் பற்றித் தாமே கூறிய எளிய விடைகள் அவற்றினும் மேலாக இருந்தன. 1968-இல் அவர் எழுதிய நூல், பண்புக்கூற்று அளவைக்கும் குறிப்பிட்ட ஓரிடத்து நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவு எண் 0.30-ஐத் தாண்டுவது அரிது என்றது. முழுப் பொருத்தம் 1 என்றால் 0.30 என்பது எவ்வளவு மெல்லிய இழை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எவ்வளவு ஆராய்ந்து தேர்ந்த பின்பும், ஏற்ற பணியின் இயல்பால் வேறுபட்டுப் போகும் மாந்தர் பலர் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரத்தில் அமைத்திருத்தல் தமிழாசிரியர்க்கு உடனே நினைவுக்கு வரும். உளநூலின் பிற்கால முடிவை வள்ளுவர் முன்னரே கூறிவிட்டார் என்று பெருமை பேச இதனைக் குறிப்பிடவில்லை. அரசன் ஆளைத் தேர்வது பற்றிப் பேசும் இடத்தில் தேர்வின் எல்லையையும் அவர் உடன் வைத்தார் என்பதே நோக்கத்தக்கது.

மிசெலுக்கு மறுப்புகள் எழுந்தன. ஒரு நாள் நடத்தையை ஊகிக்க முடியாதாயினும், பல நாள் நடத்தையின் சராசரியை நன்கு ஊகிக்கலாம் என்று எப்சுட்டீன் 1979-இல் காட்டினார். ஒரு கேள்வியை வைத்து மாணவன் அறிவை அளக்காத நாம், ஒரு செயலை வைத்துக் குணத்தை அளப்பானேன் என்பது அவர் வாதம். சூழ்நிலையின் வலிமைக்குப் புகழ்பெற்ற ஆய்வுகளையும் அதே கணக்கிற் போட்டுப் பார்த்த வேறு இருவர், அவற்றின் ஒட்டுறவும் 0.40 அளவையே ஒட்டி நிற்பதை 1983-இல் எடுத்துரைத்தனர். ஆகவே, குணம் மெலிது, சூழல் வலிது என்று தீர்ப்புக் கூறவும் வழியில்லை.

இதைவிட அழுத்தமான சான்று கலிபோர்னியாவிலிருந்து வந்தது. 1920-களின் தொடக்கத்தில் டெர்மன் என்பவர் நுண்ணறிவு மிக்க சிறுவர் 1,500-க்கு மேற்பட்டோரைத் தேர்ந்து, அவர்தம் இயல்புகளைப் பெற்றோரும் ஆசிரியரும் மதிப்பிட்டுத் தருமாறு செய்திருந்தார். எழுபதாண்டு கழித்து அம்மதிப்பீடுகளைப் புரட்டிய ஆய்வாளர், இளமையில் கடமையுணர்வு மிக்கவர் என்று குறிக்கப்பட்டோர், பொதுவாக நீண்ட நாள் வாழ்ந்திருக்கக் கண்டனர். 1993-இல் இம்முடிவு வெளியாயிற்று. ஆசிரியர் எழுதும் சொல் வெறும் காற்றன்று என்பதற்கு இது சான்று. ஆனால் அது கவனத்தோடு, பல பண்புகளை அளவு வைத்து, பெற்றோர் கருத்தோடும் சேர்த்து எடுத்த மதிப்பீடு. அவசரத்தில் எழுதிய ஒற்றைச் சொல் அன்று.

மிசெல் தம் வாதத்தைப் பின்னர் தாமே திருத்திக்கொண்டார். இதற்கு உதவியது, நியூ ஹாம்சயர் மாநிலத்தில் நடத்தை இடர்ப்பாடுள்ள சிறுவருக்கென நடைபெற்ற கோடை முகாம். ஆறு வாரக் காலம், ஒவ்வொரு சிறுவனையும் சராசரி 160 மணி நேரத்துக்கு மேல் கண்காணித்துக் குறிப்பெடுத்தனர். சிறுவன் எத்தனை முறை சண்டையிட்டான் என்பதோடு அவர்கள் நில்லாமல், அப்போது அவன்முன் நிகழ்ந்தது யாது என்பதையும் எழுதினர். தோழன் கேலி செய்தானா, தோழன் நட்போடு அணுகினானா, பெரியவர் பாராட்டினாரா, எச்சரித்தாரா, தண்டித்தாரா என்று ஐவகைச் சூழல்கள். 1994-இல் வெளிவந்த அவ்வாய்வில் ஒரு புது வகை நிலைபேறு வெளிப்பட்டது. பல சிறுவரிடம், எது நேர்ந்தால் எப்படி நடப்பான் என்னும் கோலம் வாரந்தோறும் மாறாமல் திரும்பி வந்தது.

அங்கே சிறுவர் இருவரை வைத்துப் பார்க்கலாம். ஒருவன், தோழர் கேலி செய்தால் கையை ஓங்குவான். பெரியவர் எச்சரித்தாலோ தலை குனிந்து கேட்டுக்கொள்வான். மற்றவன், தோழர் கேலியைச் சிரித்துத் தள்ளுவான். பெரியவர் குரலை உயர்த்திய மறுகணம் பாய்வான். கோடை முடிவில் இருவரும் இட்ட சண்டைகளைக் கூட்டினால் தொகை ஒன்றாகவே இருக்கலாம். வினாத்தாளில் இருவருக்கும் ஒரே மதிப்பெண் விழலாம். தேர்ச்சி அறிக்கையில் இருவருக்கும் ‘முரடன்’ என்ற ஒரே சொல்லும் கிடைக்கலாம். முதல்வனைத் திடலில் ஓய்வு வேளையில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாமவனிடம் திடலில் எவரும் நிற்கத் தேவையில்லை. வகுப்பில் அவனை எப்படிக் கண்டிப்பது என்பதைத்தான் அவன் ஆசிரியர் தெரிந்திருக்க வேண்டும்.